ஒரு மாலை, இரண்டு நினைவுகள்: ‘தி அஃபேர்’ தொடரைப் பார்க்கும் முறை

கடலோரச் சாலையில் உள்ள ஓர் எளிய உணவகத்தில், புரூக்ளினிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் ஒரு குடும்பம் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிறது. கடைசிப் பெண்குழந்தை கோலிக்குண்டை வாயில் போட்டுக்கொள்ள, அது தொண்டையில் சிக்கி மூச்சு நின்றுபோகிறது. எல்லோரும் பதறிப்போயிருக்கும்போது தந்தை குழந்தையைக் காப்பாற்றுகிறார். ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்து அதே உணவகம், அதே குழந்தை, அதே கோலிக்குண்டு மீண்டும் திரையில் வருகின்றன. இம்முறை குழந்தையைக் காப்பாற்றுபவர் அங்கே உணவு பரிமாறும் பெண். தந்தை செய்வதறியாமல் பக்கத்தில் நிற்கிறார்.

2014 அக்டோபர் 12 அன்று ஷோடைம் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி அஃபேர்’ தொடரின் முதல் அத்தியாயத்தில் வரும் காட்சி இது. இதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி, இருவரில் யார் பொய் சொல்கிறார் என்பது. நானும் முதன்முறை அப்படித்தான் கேட்டுக்கொண்டு பார்த்தேன். ஆறேழு அத்தியாயங்கள் வரை தடயம் தேடுபவனைப்போலத் தேடிச் சலித்த பிறகுதான், நான் கேட்ட கேள்வியே இந்தத் தொடரின் வாசலை அடைத்துவிடுகிறது என்பது விளங்கியது. இதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும், ஒரே கதையை இரண்டு முறை காட்டுகிறார்கள் என்று சலித்து நடுவில் விட்டுவிட்டவர்களுக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தின் நிகழ்வுகளை விரிவாகச் சொல்வேன். தொடரின் மையத்தில் உள்ள மரணத்துக்கு யார் காரணம் என்பதை எங்கும் சொல்ல மாட்டேன்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தொடரை உருவாக்கியவர்கள் சாரா ட்ரீமும் ஹகாய் லெவியும். இஸ்ரேலில் மனநல மருத்துவரின் அறைக்குள்ளேயே நடக்கும் ஒரு தொடரை உருவாக்கியவர் லெவி. அதன் அமெரிக்க வடிவத்துக்கு எழுதியவர்களில் ட்ரீமும் ஒருவர். ஓர் அறையில் அமர்ந்து ஒருவர் தன் கதையைச் சொல்ல, இன்னொருவர் கேட்கும் அந்த அமைப்பிலிருந்து வந்தவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ‘தி அஃபேர்’ ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது எளிதில் புரியும். 2019 நவம்பர் வரை ஐந்து சீசன்களாக மொத்தம் 53 அத்தியாயங்கள் வந்தன. 2015-இல் சிறந்த நாடகத் தொடருக்கான கோல்டன் குளோப் விருது இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டில் சிறந்த நடிகைக்கான விருதை ரூத் வில்சனும், அடுத்த ஆண்டில் துணை நடிகைக்கான விருதை மோரா டியர்னியும் பெற்றனர்.

கதையின் நான்கு தூண்களையும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நோவா சாலவே (டொமினிக் வெஸ்ட்) நியூயார்க்கில் அரசுப் பள்ளி ஆசிரியர். அதிகம் விற்காத ஒரு நாவலை எழுதியவர். அவருடைய மனைவி ஹெலன் (மோரா டியர்னி) செல்வந்தர் வீட்டுப் பெண். ஹெலனின் தந்தை புகழ்பெற்ற நாவலாசிரியர். இத்தம்பதிக்கு நான்கு குழந்தைகள். மறுபக்கம் மான்டாக் ஊரில் உணவகத்தில் வேலைபார்க்கும் அலிசன் (ரூத் வில்சன்), அவருடைய கணவரும் தலைமுறைகளாக அந்த மண்ணிலேயே வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவருமான கோல் லாக்ஹார்ட் (ஜோஷுவா ஜாக்சன்). இவர்கள் தங்கள் ஒரே மகனைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர்கள். கடலில் தண்ணீர் குடித்துவிட்டு, நன்றாக இருப்பதுபோலவே வீடு திரும்பிய பிள்ளை, பின்னர் அந்த நீரின் விளைவால் இறந்துபோனான்.

முதல் சீசனில் ஒவ்வோர் அத்தியாயமும் இரண்டு பாதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும் யாருடைய பார்வை அது என்று பெயர் திரையில் வரும். அந்தப் பெயரைத் தவறவிடாதீர்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டோ சமையலறைக்குப் போய்வந்துகொண்டோ பார்ப்பதற்கான தொடர் இதுவன்று. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் வசன வரிகளைப் போட்டுக்கொண்டு பார்ப்பது நல்லது, ஏனெனில் பல இடங்களில் இரண்டு பாதிகளுக்கும் உள்ள வேறுபாடு ஒற்றை வாக்கியத்தில், அதை யார் முதலில் சொன்னார் என்பதில் இருக்கிறது. காதில் விழும்போது நழுவிவிடுவது எழுத்தில் கண்ணுக்குப் படும். பாலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக உள்ளன. குழந்தைகள் இருக்கும் கூடத்தில் போடத் தக்க தொடர் இல்லை.

இன்னொரு தயாரிப்பும் தேவை, அது நம் மொழி சார்ந்தது. திருமணத்துக்கு வெளியே ஏற்படும் உறவைப் பற்றிப் பேசும்போது நம் நாளிதழ்கள் நெடுங்காலமாகக் ‘கள்ளக் காதல்’ என்ற சொல்லையே பயன்படுத்தி வந்திருக்கின்றன. அந்தச் சொல்லுக்குள் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. நடந்தது என்ன என்று கேட்கும் முன்பே குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் யார் என்று முடிவாகிவிடுகிறது. தொடரின் பெயரில் உள்ள ஆங்கிலச் சொல்லில் அவ்வளவு கனம் இல்லை. இப்படிச் சொல்வதால் இத்தொடர் துரோகத்துக்கு வக்காலத்து வாங்குகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஹெலனும் குழந்தைகளும் கோலும் அதற்குக் கொடுக்கும் விலையை இவ்வளவு பொறுமையாகவும் நீண்ட காலத்துக்கும் காட்டிய தொடர்கள் குறைவு. ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த விலையைக்கூட நாம் சரியாகப் பார்க்க மாட்டோம்.

இரண்டாவது பாதி உண்மையன்று

தமிழ்த் திரைப்படம் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவாறு சொன்னாலும் இறுதியில் கொலையாளி யார் என்பது தெரிந்துவிடுகிறது. 2004-இல் வந்த ‘விருமாண்டி’யில் சிறைக்குள் இருவர் தங்கள் தரப்பைச் சொல்கிறார்கள், முதலில் கேட்டது பொய், அடுத்துக் கேட்பது மெய் என்று படம் நமக்கு உணர்த்திவிடுகிறது. இரண்டுமே அருமையான படங்கள். ஆனால் அவற்றால், பின்னால் சொல்லப்படும் கதையே உண்மைக் கதை என்ற பழக்கம் நமக்குள் ஊறியிருக்கிறது. ‘தி அஃபேர்’ முதல் அத்தியாயத்தில் நோவாவின் பாதி முதலில் வந்து, அலிசனின் பாதி பின்னால் வருவதால், நாம் நம்மை அறியாமலேயே அலிசன் சொல்வதை உண்மை என்றும், நோவா சொன்னதைத் தற்பெருமை என்றும் எடுத்துக்கொள்கிறோம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். முதல் அத்தியாயத்தைப் பார்த்து முடித்து ஒரு வாரம் கழித்து, அலிசனின் பாதியை முதலிலும் நோவாவின் பாதியைப் பின்னாலும் வைத்து மீண்டும் பாருங்கள். அதே காட்சிகள் வேறு மாதிரி எடை பெறுவதை உணர்வீர்கள். உணவகத்தில் குழந்தையைக் காப்பாற்றிய பெண்ணின் வீரம், துயரத்தில் தத்தளிக்கும் ஒருத்தி தன்னைப் பற்றி நம்ப விரும்பிய ஒன்றாகத் தோன்றத் தொடங்கும். தன் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து காக்க முடியாமல்போன தாய், வேறொருவரின் பிள்ளையைத் தன் கையால் உயிர்ப்பித்ததாக நினைவில் வைத்திருப்பது இயல்புதானே? மறுபக்கம், பணக்கார மாமனாரின் நிழலில் தன்னைச் சிறியவனாக உணரும் ஒருவர், தன் குடும்பத்தின் கண்முன் தானே குழந்தையைக் காப்பாற்றியதாக நினைவில் வைத்திருப்பதும் அதே அளவுக்கு இயல்பு. எது நடந்தது என்ற கேள்விக்குத் தொடர் இங்கே பதில் தரவில்லை. இந்த நினைவு இவருக்கு ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு நிறையவே தருகிறது. இத்தொடரைப் பார்க்கும்போது கைவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் துணிபு.

குறிப்பேட்டில் எதை எழுதுவது

ஒரு சிறு குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடுகள் அனைத்தையும் எழுத முயன்றால் காட்சி கைநழுவிப் போகும். ஓர் அத்தியாயத்துக்கு மூன்று வேறுபாடுகள் போதும். அவற்றைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு முறை உண்டு.

எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது உடை. நோவாவின் பாதியில் அலிசனின் சீருடை உடலைக் காட்டுவதாகவும், கூந்தல் அவிழ்ந்தும், பார்வை அழைப்பதாகவும் இருக்கிறது. அலிசனின் பாதியில் அவர் தன் உடலைப் பற்றிய நினைப்பே இல்லாதவர்போல, வேலைக்கு வந்த, களைத்துப்போன ஒரு பெண்ணாகத் தெரிகிறார். கடற்கரையில் இருவரும் சந்திக்கும் இரவிலும் இதே நிலைதான்: நோவாவின் நினைவில் அலிசன் அழைக்கிறார், அலிசனின் நினைவில் நோவா தொடர்ந்து வருகிறார். உறவை யார் தொடங்கினார் என்பதில் இருவருமே மற்றவரையே கைகாட்டுகிறார்கள். உடையை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்; அது தொடரின் மிக எளிய அடுக்கு.

அடுத்து, ஒவ்வொருவரும் தம்மை எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். மற்றவரைப் பற்றிய நினைவில் ஆசை கலக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தம்மைப் பற்றிய நினைவில்தான் நுட்பமான வேலை நடக்கிறது. நோவா தம் பாதியில் பெரும்பாலும் நல்ல தந்தை, பொறுமையான கணவர், சூழ்நிலையால் இழுக்கப்படுபவர். அலிசனின் பாதியில் அதே நோவாவிடம் தன்னம்பிக்கை கூடுதலாக இருக்கிறது. எதையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளப் பழகிய நகரத்து மனிதராகத் தெரிகிறார். அலிசன் தம் பாதியில் தம்மை மென்மையாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். தம்மையே தண்டித்துக்கொள்ளும் ஒருவரின் நினைவு அது.

இங்கே ஊரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தொடரின் பாதி அர்த்தம் மண்ணில் இருக்கிறது. மான்டாக், லாங் ஐலண்டின் கிழக்கு முனையில், மன்ஹாட்டனிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மீன்பிடி ஊர். லாங் ஐலண்ட் ரயில் பாதை அங்கேதான் முடிகிறது. கோடையில் நியூயார்க்கின் செல்வந்தர்கள் கடற்கரை வீடுகளுக்கு வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்குப் பரிமாறுவார்கள், அவர்களின் வீடுகளைப் பராமரிப்பார்கள், கோடை முடிந்ததும் அமைதியாகிவிடும் ஊரில் தங்கிவிடுவார்கள். தொடரில் அலிசன் வேலைபார்க்கும் ‘லாப்ஸ்டர் ரோல்’ அந்தச் சாலையில் உண்மையாகவே உள்ள உணவகம். நிலத்தின் விலை ஏற ஏற, லாக்ஹார்ட் குடும்பத்தைப் போன்றவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடத்திலேயே காலூன்றி நிற்க முடியாமல் தவிப்பது கதையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு வேறுபாடு துலங்கும். நோவா எளிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். மாமனாரின் பெரிய வீட்டில், அவருடைய பணத்தில் விடுமுறையைக் கழிப்பது அவருக்கு உள்ளூர அவமானம். ஆகவே தம் பாதியில் அவர் ஏழை. அலிசனின் பாதியில் அதே மனிதர் அந்தப் பெரிய வீட்டிலிருந்து இறங்கி வருபவர். ஆகவே அவர் பணக்காரர். யாருமே பொய் சொல்லவில்லை. நிற்கும் இடம் மாறும்போது ஒரே மனிதர் ஏழையாகவும் செல்வந்தராகவும் ஆகிவிடுகிறார். வர்க்க வேறுபாட்டை இவ்வளவு எளிமையாக, ஒரு வசனம்கூடச் சொல்லாமல், காட்சி அமைப்பாலேயே காட்டியது இந்தத் தொடரின் பெரும் சாதனை என்று கருதுகிறேன். உங்கள் குறிப்பேட்டில் இதற்கென்று ஒரு பக்கத்தை ஒதுக்கிவையுங்கள்: இந்தப் பாதியில் யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள், யாருடைய வீட்டில் யார் நிற்கிறார்கள், பணத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்.

மூன்றாவதாக, ஒருவருக்குத் தெரியாதவற்றை எழுதுங்கள். உணவகத்தில் முதன்முதலாகப் பார்க்கும்போது அலிசன் பிள்ளையை இழந்தவர் என்பது நோவாவுக்குத் தெரியாது. அவருடைய பாதியில் அந்தப் பெண்ணிடம் துயரம் தென்படாமல் இருப்பதற்கு அதுவே போதிய காரணம். அவர் மறைக்கவில்லை, அவருக்குத் தெரியவில்லை. வேறுபாடு ஒன்றைக் கண்டதும் அது அறியாமையால் வந்ததா, ஆசையால் வந்ததா, குற்ற உணர்வால் வந்ததா, வேண்டுமென்றே மறைத்ததால் வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்தே இருக்கும். ஆனால் வேண்டுமென்றே மறைத்தது என்ற விடையை எப்போதும் கடைசியாக வையுங்கள்.

யாரிடம் சொல்லப்படுகிறது

முதல் சீசனில் நாம் காணும் பாதிகள் தாமாக வரும் நினைவுகள் அல்ல. ஒரு மரணம் நடந்திருக்கிறது. ஜெஃப்ரீஸ் என்ற துப்பறிவாளர் நோவாவையும் அலிசனையும் தனித்தனியே விசாரிக்கிறார். அந்த விசாரணை அறையில், அந்தக் கோடை முடிந்து நெடுநாள் கழித்து, ஓர் அதிகாரியிடம் சொல்லப்படும் நினைவுகள் இவை. அந்தத் துப்பறிவாளரும் தம்மைப் பற்றி இருவரிடமும் ஒரே மாதிரி பேசுவதில்லை. எதிரே இருப்பவரைப் பேசவைக்க எது உதவுமோ அதைச் சொல்கிறார். எனவே ஒவ்வொரு பாதியையும் பார்க்கும்போது, என்ன கேட்கப்பட்டதால் இது சொல்லப்படுகிறது என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி நினைவை மாற்றும் என்பது வெறும் கதைக்காரர்களின் கற்பனை அன்று. 1974-இல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துகளின் படச்சுருள்களைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன என்று கேட்டனர். கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ற பொருள் தரும் சொல்லால் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றனர். ‘தொட்டபோது’ என்ற பொருள் தரும் மென்மையான சொல்லால் கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றனர். இதன் தொடர்ச்சியாக நடத்திய இன்னொரு சோதனையில், விபத்துப் படம் ஒன்றைக் காட்டி ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். வன்மையான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தப் படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஒரு வினைச்சொல் இவ்வளவு செய்யுமானால், காதலும் துக்கமும் சட்டத்தின் அச்சமும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுதை என்னவெல்லாம் செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முதல் சீசனுக்குப் பிறகு இந்த விசாரணைச் சட்டகம் பின்வாங்கிவிடுகிறது. பாதிகள் தொடர்கின்றன, ஆனால் யாரிடமும் சொல்லப்படுபவையாக அவை இருப்பதில்லை. இந்த மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதோடு, ஒரே நேரத்தை இரண்டு முறை காட்டுவதும் குறைந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் கதையைத் தொடர்வது கூடுகிறது. அத்தகைய அத்தியாயங்களில் ஒப்பிடுவதற்குப் பொருள் இராது. அப்போது குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, யாருடைய உலகத்துக்குள் இருக்கிறோம் என்பதை மட்டும் உணர்ந்து பார்த்தால் போதும்.

ஹெலனும் கோலும் பேசத் தொடங்கும்போது

இரண்டாம் சீசன்தான் இத்தொடரின் உச்சம். முதல் சீசன் முழுவதும் ஹெலனையும் கோலையும் நாம் பிறர் கண்ணால் மட்டுமே பார்த்தோம்: கணவனின் சலிப்பு வழியாக ஹெலனையும், மனைவியின் துயரம் வழியாகக் கோலையும். இப்போது அவர்களின் பெயர்கள் திரையில் வருகின்றன. துரோகத்தைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் காதலர்கள் இருவரின் கதையாகவே சொல்லப்படும்; ஏமாற்றப்பட்டவர் அழுபவராகவோ கோபப்படுபவராகவோ ஓரத்தில் நிற்பார். ஹெலனின் பாதி தொடங்கும் கணத்தில் அந்தப் பழைய ஏற்பாடு உடைகிறது. அவர் நாம் நினைத்திருந்ததைவிட அறிவுக்கூர்மை உள்ளவராகவும், தம் குறைகளை நோவாவைவிட நன்கு அறிந்தவராகவும் இருக்கிறார். மோரா டியர்னியின் நடிப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வாயைத் திறக்கும் முன்பே முகத்தில் ஒரு வாக்கியத்தை எழுதி அழித்துவிடுபவர் அவர்.

இங்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டாம் சீசனில் ஹெலனின் பாதிகள் இரண்டு மூன்றைப் பார்த்த பிறகு, முதல் சீசனின் தொடக்க அத்தியாயங்களுக்குத் திரும்பிப்போய், ஹெலன் வரும் காட்சிகளை மட்டும் பாருங்கள். முதன்முறை பார்த்தபோது நீங்களும் நோவாவோடு சேர்ந்து அவரைக் கடந்துபோயிருப்பீர்கள். அந்தக் கண்டுபிடிப்பு கொஞ்சம் வலிக்கும், ஆனால் இந்தத் தொடர் பார்வையாளருக்குத் தரும் மிக மதிப்பான அனுபவம் அதுவே என்று தயங்காமல் சொல்வேன்.

நோவா எழுதும் நாவலையும் தனியாகக் கவனித்துவாருங்கள். தாம் வாழ்ந்த உறவையே அவர் ‘டிசென்ட்’ என்ற நாவலாக எழுதுகிறார். அதாவது ஒரே கோடைக்கு நோவாவின் நினைவு, அலிசனின் நினைவு, நோவாவின் புனைவு என்று மூன்று வடிவங்கள் உருவாகின்றன. ஐந்தாம் சீசனில் அந்த நாவலைத் திரைப்படமாக எடுக்க ஒரு நடிகர் வரும்போது நான்காவது வடிவமும் சேர்கிறது. ஒவ்வொரு வடிவத்திலும் அலிசன் தம் சொந்தக் கதையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறார் என்று அளந்துகொண்டே வந்தால், எழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருடைய நினைவே ஊருக்குத் தெரியும் கதையாக நிலைக்கிறது என்பது புலப்படும்.

எங்கே பொறுமை தேவைப்படும்

மூன்றாம் சீசன் தளர்வானது; அதை மறைப்பதில் பயனில்லை. நோவாவின் மனத்துக்குள் தொடர் மிக ஆழமாகப் போய்விட, மற்றவர்களின் குரல் மங்கிப்போகிறது. பல பார்வைகளால் வாழும் ஒரு கதை ஒரே பார்வைக்குள் அடைபட்டால் மூச்சுத் திணறும் என்பதற்கு அதுவே சான்று. இங்கே நாளுக்கு இரண்டு அத்தியாயமாகக் கடந்துபோவதில் தவறில்லை. மற்ற சீசன்களுக்கு வாரத்துக்கு இரண்டு அத்தியாயங்கள் என்பது நல்ல அளவு. தொடர்ச்சியாகப் பார்த்தால் ஒரு பாதியின் நினைவு நமக்குள் படிவதற்குள் அடுத்தது வந்து அழித்துவிடும். பாதிகளுக்கு இடையே நம் நினைவும் சற்று மங்கி மாறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

நான்காம் சீசனின் ஒன்பதாவது அத்தியாயத்துக்கு முன் மட்டும் எந்தக் கட்டுரையையும் படிக்காதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள். அந்த அத்தியாயத்தில் இரண்டு பாதிகளும் அலிசனுக்கே உரியவை. இருவரின் நினைவுகள் வேறுபடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒருவருக்குள்ளேயே அந்தப் பிளவு நிகழ்வதைக் காட்டுகிறார்கள். அதை இரவில், தனிமையில், இடையில் நிறுத்தாமல் பாருங்கள். அந்தச் சீசனோடு ரூத் வில்சன் தொடரிலிருந்து விலகிவிட்டார்; இறுதிச் சீசனில் ஜோஷுவா ஜாக்சனும் இல்லை. பலர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் சீசன் பல பத்தாண்டுகளுக்குப் பிந்தைய, கடல் அரித்துக்கொண்டிருக்கும் மான்டாக்குக்கு அலிசனின் மகள் ஜோனி (அன்னா பாகுவின்) திரும்பி வருவதைக் காட்டுகிறது. பெற்றோரின் காலத்தைப் பற்றி அவளிடம் இருப்பவை பிறர் சொன்ன கதைகளே. யாருடைய பாதியும் அவளுக்குக் கிடைக்கவில்லை. முந்தைய சீசன்களில் நாம் எழுதிய குறிப்புகள் அவளுக்குத் தெரியாத அத்தனையும் நமக்குத் தெரியும் என்பதை நினைவூட்டும்போது, அந்தக் காட்சிகள் எதிர்பாராத விதத்தில் நெஞ்சைப் பிசைகின்றன.

இருவராகப் பார்ப்பவர்களுக்கு

கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கலாம், ஆனால் ஓர் ஒழுங்கோடு பார்க்க வேண்டும். அத்தியாயம் முடிந்ததும் உடனே பேசத் தொடங்காமல், இருவரும் தனித்தனியே ஐந்து வரிகள் எழுதுங்கள்: இன்று என்ன நடந்தது, யார் மீது இரக்கம் வந்தது, யார் மீது எரிச்சல் வந்தது. மறுநாள் காலையில் அவற்றை மாற்றிப் படியுங்கள். ஒரே சோபாவில் அமர்ந்து ஒரே திரையைப் பார்த்த இருவர் எழுதியவை எவ்வளவு வேறுபட்டிருக்கின்றன என்பதைப் பார்த்தபின் பேசுவது, நோவா செய்தது சரியா தவறா என்று அன்றிரவே வாதாடுவதைவிட மிகவும் பயனுள்ளது. வீட்டில் ஏற்கெனவே இத்தகைய காயம் உள்ளவர்கள் மட்டும் இதைத் தனியாகப் பார்ப்பது நல்லது, அல்லது இப்போதைக்குத் தள்ளிவைப்பது நல்லது. அந்தக் காயத்தின் மேல் கதையை வைத்து அழுத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

53 அத்தியாயங்களும் முடிந்த பிறகு, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, எதையும் மீண்டும் பார்க்காமல், அந்த உணவகத்தில் கோலிக்குண்டு சிக்கிய காட்சியை உங்கள் நினைவிலிருந்து எழுதுங்கள்: யார் எங்கே நின்றார்கள், ஹெலன் என்ன செய்தார், குழந்தையைத் தூக்கியது யாருடைய கை. அதன்பின் முதல் அத்தியாயத்தைப் போட்டு, நீங்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.